ஏழாவது குளிரூட்டல்

கவனமாக இருப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தி, தன் வாழ்நாளில் மிகுந்த கவனத்தோடு செய்த ஒரு காரியமே எல்லாவற்றையும் கெடுத்தது என்று ஒருநாள் தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு எதை நம்பிக் கையை நீட்டுவாள்? சுலோசனாவின் வாழ்க்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவளுக்கு இந்தச் சொற்களில் எழுந்திருக்காது. சொற்களைவிட விரல்களால் அதிகம் யோசிக்கிற மனுஷி அவள்.

நாற்பத்தேழு வயது. வில்லியனூருக்கு அப்பால் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவள். உழவர்கரையில் வீடு. கணவர் கலியமூர்த்தி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை பார்க்கிறார். அவள் தினமும் ஸ்கூட்டியில் வடக்கே போய், பிள்ளைச்சாவடியைத் தாண்டி, கடற்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருவேறி நிற்கும் ஓர் ஆய்வு நிலையத்தில் இறங்குவாள். பதினேழு வருடமாக அங்கே டெக்னீஷியன்.

அந்த நிலையத்தின் தரைத்தளத்தில் ஒரு குளிர் எந்திரம் இருக்கிறது. எல்லோரும் அதை ஃப்ரிட்ஜ் என்றுதான் சொல்வார்கள். "ஒரு ஐஸ்கிரீம் வெக்க எடம் இல்ல, அது ஒரு ஃப்ரிட்ஜு" என்று கலியமூர்த்தி கிண்டல் செய்வார். இதற்குமேல் குளிர முடியாது என்று இயற்கை போட்டிருக்கும் எல்லையின் வாசல்வரை அது போகும். அந்தக் குளிரில் சில உலோகங்கள் மின்சாரத்துக்குத் துளியும் தடை சொல்லாமல் வழிவிடும். மீக்கடத்தி என்று பாடப்புத்தகத்தில் பெயர்.

எந்திரத்துக்குள் போகிற பொருள் விரல் நகத்தளவு சிப் ஒன்று. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மீக்கடத்தி வளையங்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசை முழுவதும் சேர்ந்து ஒரு மின்தூண்டி. சாதாரண மின்தூண்டி என்பது கம்பிச்சுருள். எத்தனை சுற்று சுற்றினோமோ அதுதான் அதன் அளவு, பிறகு மாற்ற முடியாது. இதுவோ பக்கத்தில் வைத்த சிறு காயிலில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால், அந்தக் காந்தத்துக்கு ஏற்பத் தன் அளவை மாற்றிக்கொள்ளும். அளவு மாறினால் மின்சுற்றின் சுருதி மாறும். கம்ப்யூட்டர் திரையில் அந்தச் சுருதி வளைவு வளைவாக, பாலத்தின் தூண்களுக்கு மேலே வரும் வில்களைப் போல வரிசையாக ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கினால் சிப் வேலை செய்கிறது என்று பொருள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வளையம் குளிர்ந்து மீக்கடத்தியாக மாறுகிற அந்தக் கணத்தில், சுற்றுவட்டாரத்தில் எங்கிருந்தாவது காந்தம் கசிந்தால், அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி சூடாக்கும்வரை விடாது. ஒவ்வொரு வளையமும் வெவ்வேறு அளவு பிடித்துக்கொண்டால் ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் நிற்கும், வில்கள் கலைந்து சப்பட்டையாகிப் போகும். அதனால் சிப்பைச் சுற்றி ஓர் உலோக உறையை மூடுவார்கள். பெரிய தூக்குச்சட்டி அளவு, மங்கிய வெள்ளி நிறம். வெளியே இருக்கும் காந்தத்தை உள்ளே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும். அதற்கு ஷீல்டு என்று பெயர். கீழே போட்டாலும் கெடும், வலுவான காந்தம் அருகே வந்தாலும் கெடும். அதைக் கழற்றி மாட்டும் உரிமை சுலோசனாவுக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த அறைக்குள் நுழையும் முன் அவளுக்கு ஒரு வழக்கம். தலைப்பின்னை எடுப்பாள். கைக்கடிகாரத்தைக் கழற்றுவாள். தாலிச் சரட்டில், எல்லாப் பெண்களையும் போல, அவசரத்துக்கு உதவுமென்று ஏழெட்டு ஊக்குகள் கோத்திருப்பாள். அவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வெளியே தன் மர மேசையில் வைப்பாள். சாயங்காலம் திரும்பக் கோப்பாள். உள்ளே அவள் பயன்படுத்தும் கருவிகள் பித்தளையும் டைட்டானியமும்தான். யாராவது இரும்புச் சாவிக்கொத்தோடு கதவருகே வந்தால், "அங்கயே நில்லு" என்று குரல் வரும். இயக்குநர் பதவியில் இருந்தவரே ஒருமுறை நின்றிருக்கிறார்.

அந்தச் சிப்பைச் செய்தவன் தெயோ. இருபத்தெட்டு வயது. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். அம்மா அன்னாவுக்கு, மகன் பாரிசில் மாமாவிடம் போய் ஒழுங்கான ஒரு வேலையில் உட்கார்ந்தால் போதும். அவன் அதைக் கேட்காமல் ஐந்து வருடமாக இந்த வளையங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சுலோசனாவை அக்கா என்பான். அவளுடைய டிபன் பாக்ஸில் பாதி அவனுக்குப் போகும்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு அவன் கோயில் தெருவில் ஒரு சின்னப் பிள்ளையாரை வாங்கி வந்தான். கட்டைவிரல் உயரம், கறுப்பு நிறம், கீழே சிவப்பு வெல்வெட் காகிதம் ஒட்டிய பீடம்.

"உங்களுக்குத்தான்க்கா. பழைய சிப்பு ஒழுங்கா வேல செஞ்சுதுல்ல, அதுக்கு."

"ஏன்டா, மாதா கோயிலுக்குப் போறவன் பிள்ளையார் வாங்கிட்டு வந்திருக்க. உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் சேத்து ஜெபத்துல வெச்சிருவாங்க."

பூஜை அன்று எந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல். கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து வாழையிலை மேல் அடுக்கினார்கள். புதிய சிப் வரவிருந்ததால் ஷீல்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. சுலோசனா அதை வெள்ளை வேட்டித் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்தி வந்து, பூஜையின் நடுவில் வைத்தாள். அந்த அறையிலேயே அவள் அதிகம் மதித்த பொருள் அதுதான். பிள்ளையாரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஒரு அருகம்புல் சாத்தி, ஷீல்டின் மூடிமேல் உட்கார வைத்தாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. யாரோ மேசையை இடித்தார்கள். பழங்கள் உருண்டன, பிள்ளையார் அசையவில்லை.

"புடிப்பா உக்காந்துட்டாரு" என்றாள். எல்லோரும் கும்பிட்டார்கள்.

ஆயுத பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். அந்த வருடம் அதோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தது. நான்கு நாள் அவர் அங்கேயே இருந்தார். திங்கட்கிழமை, சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கும் என்று அவள் அவரைச் சற்று அழுத்தி எடுத்துத் தன் மர மேசையில், ஊக்கு டப்பாவுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி வைத்தாள்.

அதற்குப் பிறகு எதுவும் சரியாக வரவில்லை.

புதிய சிப்பை மாட்டி முதல் முறை குளிரவைத்தார்கள். வில்கள் வர வேண்டிய இடத்தில், மிதித்துப் போட்ட பந்தல் மாதிரி ஒரு கோடு கிடந்தது. சூடாக்கி, பிரித்து, மாட்டி, மறுபடி குளிரவைத்தார்கள். குளிரவைத்து, அளந்து, சூடாக்கி, பிரித்துச் சோதித்து மாட்ட ஒரு சுற்றுக்கு மூன்று வாரம் ஆகும். இரண்டாவது முறை வேறு விதமான கோணல். மூன்றாவது முறை பாதி வழியில் கோடு திடீரென்று குதித்தது. ஷீல்டை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினார்களோ அதற்கேற்பக் கோணல் மாறியது என்பது பிறகுதான் விளங்கியது. அப்போது யாரும் அப்படி யோசிக்கவில்லை. பழைய சிப் நன்றாக வேலை செய்தது, புதிய சிப் செய்யவில்லை. எனவே புதிய சிப்தான் குற்றவாளி. தெயோ ஒருமுறை ஷீல்டை அளந்து பார்க்கலாமா என்று கேட்டான். அதற்கு அளவுச் சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் உள்ள பொருளை மறுபடி அளப்பது மரியாதைக் குறைவு என்பது போல நம் நிலையங்களில் ஓர் எண்ணம் உண்டு.

பொறுப்புப் பேராசிரியர் அன்பழகன். கெட்டிக்காரர், கொடுமைக்காரர் அல்ல. கதை சொல்வதில் மட்டும் ஆசை அதிகம். பல வருடங்களுக்கு முன் முகிலன் என்றொரு டெக்னீஷியன் இருந்தான். எந்திரத்தின் வெற்றிடக் குழாயில் பல்லியின் வால் ஒன்று சிக்கி, எங்கே ஒழுகுகிறது என்று ஒரு மாதம் தேடினார்கள். குழாயை மூடாமல் வைத்தது முகிலன். அன்பழகன் அந்தக் கதையை எல்லாக் கருத்தரங்கிலும் சொன்னார். அறையே சிரிக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, அந்தப் பல்லிக்காரர் யார் என்று ஆசையாகக் கேட்பார்கள். முகிலனும் சிரிப்பான். எட்டாவது மாதம் வேலையை விட்டுப் போனான். அவன் சிரித்தபோது கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் கவனித்தவள் சுலோசனா ஒருத்திதான்.

ஜனவரி முடிவில், ஐந்தாவது முறையும் கெட்டபோது, அன்பழகன் தெயோவிடம் சொன்னார்.

"மார்ச் முப்பத்தொண்ணோட திட்டம் முடியுது. முடிவு வரலன்னா ஃப்ரிட்ஜ வேற எடத்துக்குக் கேக்குறாங்க, குடுத்துருவேன். உன் ஆராய்ச்சிக்கும் இனி நீட்டிப்பு கெடையாது. இன்னும் ரெண்டு தடவ குளிர வைக்கலாம். அவ்வளவுதான்."

"சிப்புல தப்பு இல்ல சார்."

"அப்ப யாரு கிட்ட தப்பு?" என்றார் அவர். சுலோசனாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் விட்டதே பார்த்த மாதிரி இருந்தது.

ஆறாவது முறைக்கு அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி ஆல்கஹாலில் கழுவினாள். வயர்களைக் கட்டிய நூலைக்கூட மாற்றினாள். தன் புடவையில் ஜரிகை இருக்கக்கூடாதென்று பழைய பருத்திப் புடவை கட்டி வந்தாள். ஒவ்வொரு நாளும் உள்ளே போகும் முன் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டில் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கலியமூர்த்தி, "சிப்பு அவனுது, ஃப்ரிட்ஜு கவர்மெண்டுது. நீ எதுக்கு உருகிப் போற?" என்றார்.

"கை என்னுதுங்க" என்றாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு வியாழன், காலை பதினோரு மணிக்கு ஆறாவது முறையின் கோடு திரையில் வந்தது. முன்னைவிட மோசம். தெயோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரையை அணைத்தான்.

"சே ஃபினி" என்றான். வீட்டில் அவன் அம்மா அடுப்பை அணைத்ததும் சொல்லும் சொல் அது, முடிந்தது என்று. "நான் விலகுறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன்க்கா. மாமா ரெண்டு வருஷமா கூப்பிடுறாரு. குடோன்ல செக்யூரிட்டி வேல. யூனிஃபார்ம் குடுப்பாங்களாம்."

"இன்னொரு வாட்டி இருக்குதேடா."

"இருக்கு. அதையும் கெடுக்கிறதுக்கு நான் எதுக்கு?"

அவன் போன பிறகு அவள் வெளியே மேசைக்கு வந்தாள். அன்று காலை ஊக்கு டப்பாவின் மூடி உடைந்துவிட்டதால், ஊக்குகளைக் கழற்றி அப்படியே மேசைமேல், பிள்ளையாரின் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போயிருந்தாள். இப்போது தாலிச் சரட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஊக்குகளைத் தேடினாள். மேசைமேல் ஒன்றுமில்லை. எல்லா ஊக்கும் பிள்ளையாரின் பீடத்தைச் சுற்றி, குஞ்சம் கட்டியது போல, ஒட்டிக்கொண்டு நின்றன.

அவள் ஓர் ஊக்கைப் பிடித்து இழுத்தாள். வந்தது. விட்டாள். போய் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை இழுத்து விட்டாள்.

நகத்தால் சிவப்பு வெல்வெட் காகிதத்தின் ஓரத்தைக் கிளப்பினாள். உள்ளே காசு மாதிரி பளபளப்பான ஒரு வட்டக் காந்தம். காருக்குள் வைக்கிற பிள்ளையார். குலுக்கலில் விழாமல் இருப்பதற்காக வைத்தது.

பதினேழு வருடமாக அந்த அறைக்குள் நுழைந்த ஒவ்வொரு பொருளையும் அவள் சந்தேகப்பட்டிருக்கிறாள். பேனாவை, பட்டனை, கண்ணாடியின் காம்பை. இவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றவில்லை. கும்பிடுகிற ஒன்றைப் பொருள் என்று எடுத்துச் சோதிக்கிற பழக்கம் மனிதருக்கு இல்லை. அவளைக் குறை சொல்ல நினைக்கிறவர்கள் தங்கள் வீட்டில் எதைச் சோதிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

புடிப்பா உக்காந்துட்டாரு. தன் வாயால் சொன்ன வார்த்தை. மூடிமேல் கேட்ட அந்தச் சின்னச் சத்தம் காதில் மறுபடி மறுபடி கேட்டது. கழுவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் நின்றாள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். செய்தது இந்தக் கை. வாங்கிக் கொடுத்தது அந்தப் பையன். தன் ஐந்து வருடத்தைத் தானே கோயில் தெருவில் விலை கேட்டு வாங்கி, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. மறுநாள் ஸ்டேஷனரி கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் ஒரு திசைகாட்டி வாங்கினாள். ஃப்ரிட்ஜ் சூடாகித் திறக்க நாலு நாள் ஆனது. ஷீல்டைக் கழற்றி, அதன் உள்ளே திசைகாட்டியை இறக்கினாள். நல்ல ஷீல்டுக்குள் முள் எங்கே நிற்பதென்று தெரியாமல் தூங்கி வழியும். இந்த முள் மூடியின் ஓர் ஓரத்தை நோக்கித் திரும்பி, அங்கேயே நின்றது. ஷீல்டைச் சுற்றினாள். முள்ளும் கூடவே சுற்றியது. காந்தத்தை வெளியே நிறுத்த வேண்டிய உறை தானே காந்தமாகி ஐந்து மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை கலியமூர்த்தியிடம் கேட்டாள்.

"ஏங்க, ஒரு உலோகத்துல ஏறுன காந்தத்த எறக்க முடியுமா?"

"பழைய டிவியில பக்கத்துல ஸ்பீக்கர் வெச்சா படம் பச்சையும் ஊதாவுமா ஆயிடும், ஞாபகம் இருக்குதா? மெக்கானிக்கு ஒரு காயில எடுத்தாந்து சுத்திச் சுத்திக் காட்டிட்டுப் பின்னாலயே போவான். அதான். ஏத்தி, மெதுவா எறக்கணும். வெடுக்குனு நிறுத்துனா மறுபடி ஏறிக்கும்." அவர் அவளைப் பார்த்தார். "யாரு ஏத்துனது?"

"காயில கட்டிக் குடுங்க."

"எத்தினி சுத்து?"

"நெறைய."

தட்டாஞ்சாவடிப் பட்டறையில், மதிய உணவு நேரத்தில், ஒரு பிளாஸ்டிக் வாளியின்மேல் அவர் சுற்றினார். அவள் எதிரே நின்று கம்பி தளராமல் விட்டுக்கொடுத்தாள். நானூறு சுற்று. யாரு ஏத்துனது என்று அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் எதை இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்று மனிதர் கற்றிருந்தார்.

பிறகு தெயோவைப் போனில் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வாடா. கடைசி வாட்டி குளிர வைக்கிறோம்."

"எதுக்குக்கா? டிக்கெட் பாத்துட்டிருக்கேன்."

"எதுக்குன்னு கேக்காத. வா."

"நீங்க அழுவுறீங்களா?"

"ஸ்கூட்டில வந்தேன், தூசி."

"வீட்டுக்குள்ள இருந்துதான பேசுறீங்க?"

"வர்றியா இல்லியா?"

வந்தான். அவன் வருவதற்கு முன்பே, காலை எட்டரை மணிக்கு, அவள் ஷீல்டை வாளிக்குள் வைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழியைத் திருகி மேலே ஏற்றினாள். கம்பி முனகியது. பிறகு குமிழியை மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். இருபது நிமிடம் ஆனது. நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் பாழ். மார்ச் மாதத்தில் அந்தப் பக்கம் மின்சாரம் போகாத நாள் அபூர்வம். இத்தனை நாள் எந்த அவசரத்துக்கும் கூப்பிட்ட பெயர் ஒன்று உண்டு. அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு குமிழியைப் பார்த்தாள். கூப்பிட யாரும் இல்லாமல் அவள் கழித்த முதல் இருபது நிமிடம் அது.

மின்சாரம் போகவில்லை. திசைகாட்டியை உள்ளே இறக்கினாள். முள் எங்கும் நிற்காமல் சோம்பலாக ஆடியது.

ஃப்ரிட்ஜ் குளிர இரண்டு நாள். இரண்டாம் நாள் கம்ப்ரசருக்குப் போகும் தண்ணீர் சூடேறி எச்சரிக்கை மணி அடித்தது; ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, வெயிலில் குழாயைச் சுற்றிக் கட்டி, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். சிப் இந்த ஐந்து மாதச் சூட்டிலும் குளிரிலும் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கலாம். அப்படியென்றால் காந்தத்தை இறக்கியும் பயனில்லை, பிழையைக் கண்டுபிடித்தும் பயனில்லை. தெரியாமலே இருந்திருந்தால் நல்லது என்று கூட அந்த மாடியில் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு தெயோ காயிலில் மின்சாரத்தை மெல்லக் கூட்டத் தொடங்கினான். திரையில் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. ஏறியது. வளைந்தது. இறங்கியது. மறுபடி ஏறியது. ஒரு வில். இன்னொரு வில். மூன்றாவது, முதல் இரண்டையும் அச்சில் எடுத்தது போல.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தவன், எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். "நாலாவது வருதுக்கா" என்றான். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. சுலோசனா அவன் முதுகில் கைவைக்கப் போனாள். பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் வெளியே அவளுடைய மேசையைப் போய்ப் பார்த்தான்.

"பிள்ளையார் எங்கக்கா? ஒரு கும்பிடு போடணும். நான் வாங்கிக் குடுத்தவரு காப்பாத்திட்டாரு பாத்தீங்களா."

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"ஏன்?"

"தூசி படியுது."

அன்பழகன் வந்தார், வில்களைப் பார்த்தார், தெயோவின் தோளைத் தட்டினார். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். ஷீல்டில் காந்தம் ஏறியிருந்ததை அவள் சொன்னாள், இறக்கியதையும் சொன்னாள். எப்படி ஏறியது என்று கேட்டபோது, எழுதிக் கொடுக்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை விளக்கப் படிவம் வந்தது. ஆறு முறை குளிரவைத்தது வீணானதற்கு மேலிடத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அன்பழகன் அறையில், அவர் எதிரே, தெயோவும் உடனிருக்க, அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். காரணம் என்ற கட்டத்தில், தன் உருண்டையான கையெழுத்தில் எழுதினாள்: ஷீல்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தபோது அதன் மூடிமேல் முனையில் காந்தமுள்ள ஓர் இரும்பு ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டேன். என் கவனக்குறைவு.

அன்பழகன் படிவத்தைத் திருப்பிப் படித்தார். அவர் முகத்தில் கோபத்துக்கு முன்னால், கருத்தரங்கில் சொல்ல இதில் கதை இல்லையே என்பது போல ஓர் ஏமாற்றம் வந்து போனது.

"ஸ்க்ரூடிரைவரா? அவ்வளவுதானா?"

"ஆமா சார்."

"பதினேழு வருஷம் கழிச்சு, முதல் நாள் வேலைக்கு வந்தவன் செய்ற தப்பு. இத வெச்சுக்கிட்டு உங்கள மறுபடி அந்த ரூமுக்குள்ள விடுன்னு நான் எப்படிம்மா சொல்றது? ஏப்ரல்லேர்ந்து ஸ்டோர்ஸ்ல போடுவாங்க."

"சரிங்க சார்."

தெயோ எழுந்துவிட்டான். "சார், இது இல்ல. அவங்க மேசையில இரும்பு ஸ்க்ரூடிரைவரே கெடையாது. அக்கா, நம்ம அறையிலயே கெடையாதே! எங்கேருந்து வந்துச்சு?"

"ஒண்ணு இருந்துச்சு."

"எங்க? காட்டுங்க."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"பொய் சொல்றீங்க. ஏன்க்கா?"

படிவத்தின் கீழே கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. உண்மையைச் சொல்ல அவளுக்கு அந்த அறையில் போதுமான நேரம் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள், பேனா அவள் கையில்தான் இருந்தது. தெயோ இன்று எங்கோ வேறொரு ஊரில் தன் வில்களைக் காட்டிப் பேசுகிறான்; காப்பாற்றிய பிள்ளையாரைப் பற்றியும் சில சமயம் சொல்கிறானாம். கலியமூர்த்தி மறுபடி கேட்கவில்லை. ஸ்டோர்ஸில் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை.

கையெழுத்தைப் போட்டாள். தேதி போட்டாள். படிவத்தை மேசைமேல் நேராக நகர்த்தி வைத்துவிட்டு வெளியே தன் மேசைக்கு வந்து, ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தாலிச் சரட்டில் கோக்க ஆரம்பித்தாள்.